நகராத கத்தரிக்கோல்

கத்தரிக்கோலைக் கையில் வாங்கியதும் நான் முதலில் தேடியது சங்கிலியைத்தான். மேசையின் வலது ஓரத்தைத் துழாவினேன். அங்கே ஒரு சாக்பீஸும் இரண்டு குண்டூசிகளும் கிடந்தன. "என்னம்மா தேடுறீங்க?" என்றார் கட்டிங் மாஸ்டர். கழுத்தில் இஞ்சு டேப்பைப் போட்டுக்கொண்டு நிற்பவர், சிரித்துப் பழக்கமில்லாத முகம். "சாக்பீஸ்" என்றேன். கண்ணெதிரே கிடந்ததை எடுத்து என் கையில் கொடுத்தார். ஆரம்பமே அமர்க்களம்.

நான் தையல் கற்றுக்கொண்ட இடத்தில் கத்தரிக்கோலை மேசையோடு சேர்த்துச் சங்கிலி போட்டுப் பூட்டியிருப்பார்கள். நீளம் ஒரு முழம். அதற்கு மேல் ஒரு விரற்கடைகூட வராது. அதனால் கத்தரிக்கோல் துணியைத் தேடிப் போகாது. துணிதான் அதைத் தேடி வரவேண்டும். இடது கையால் இழுத்து, திருப்பி, கழுத்து வளைவென்றால் துணியையே வட்டமாகச் சுற்றிக் கொடுக்கவேண்டும். சாயங்காலம் காவலர் அம்மா வந்து பூட்டைத் திறந்து, ஒவ்வொருத்தி கையிலிருந்தும் வாங்கி எண்ணிக்கொள்வார். கைப்பிடி அவர் பக்கம், முனை நம் பக்கம். அவர் கையில் கொடுக்காமல் மேசையில் வைத்துவிட்டு எழுந்துவிட்டால் ஒரு வாரம் அண்டா கழுவவேண்டும். நான்கு வருடம் ஏழு மாதம் அங்கே இருந்தேன். இஸ்திரிப்பெட்டியால் கணவனைத் தாக்கினாள் என்று நீதிமன்றத்தில் ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். அந்த வரிக்கு முன்னால் பதினோரு வருடம் இருக்கிறது, அதை எழுத எந்தத் தாளிலும் இடம் விடவில்லை. அவர் பிழைத்துக்கொண்டார். நன்றாகவே இருக்கிறார் என்று கேள்வி.

வெளியே வந்து மூன்று இடங்களில் உண்மையைச் சொல்லி வேலை கேட்டேன். முதல் இடத்தில் "சொல்லி அனுப்புறோம்" என்றார்கள். இரண்டாவது இடத்தில், நான் பேசிக்கொண்டிருக்கும்போதே, மேசையிலிருந்த கத்தரிக்கோலை எடுத்து இழுப்பறைக்குள் வைத்தார்கள். மூன்றாவது இடத்தில் குடிக்கத் தண்ணீர் கொடுத்தார்கள், அந்த மட்டில் பரவாயில்லை. நான்காவதாக இந்தச் சீருடைக் கம்பெனியில் என் தங்கையே பேசிவிட்டாள். "நீ வாயைத் திறக்காதக்கா. வெளிநாட்டுல துணி கம்பெனியில இருந்தாங்கன்னு சொல்லிட்டேன். அக்கம்பக்கத்துலயும் அப்படித்தானே சொல்லி வச்சிருக்கோம்." மாசக் கடைசியில் அவள் மாமியார் வந்து தங்கப்போகிறார். அதற்குள் நான் ஒரு அறை பார்த்துப் போயாகவேண்டும். வேலைக் கடிதம் இல்லாமல் யாரும் அறை தருவதாக இல்லை. வேலை கிடைக்காவிட்டால் எங்கே போவாய் என்று அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அன்றைக்குச் சோதனை வேலை: ஆஸ்பத்திரி ஊழியர்களுக்கான மேல்சட்டை, இருபது. எல்லோரையும்போல வெட்டவேண்டும், கத்தரிக்கோலோடு நடந்து போகவேண்டும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே ஆரம்பித்தேன். இரண்டு சட்டை வரை சொன்ன பேச்சைக் கேட்ட கை, மூன்றாவதில் தன் புத்தியைக் காட்டிவிட்டது. வலது கை நின்ற இடத்தில் நிற்க, இடது கை துணியை இழுத்தது. முதலாளியம்மா எப்போது வந்து பின்னால் நின்றார் என்று தெரியாது. "எல்லாரும் இங்க வந்து பாருங்க! கத்தரிக்கோல் இருந்த இடத்துலயே இருக்கு, துணி தானா வருது!" என்று சொல்லி போனை எடுத்துப் படம்பிடிக்க ஆரம்பித்தார்.

"எந்த நாட்டுல இப்படிச் சொல்லிக் குடுக்கிறாங்க?"

"நான் இருந்த இடத்துல எல்லாருமே இப்படித்தான் மேடம்."

அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. பித்தான் தைக்கும் பெண், "எனக்கும் ஒரு விசா வாங்கிக் குடுங்கக்கா" என்றாள். "வேண்டாம்மா, போனா திரும்பி வர ரொம்ப நாளாகும்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். மாஸ்டர் மட்டும் என் வலது முழங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சாப்பாட்டு நேரத்தில் துணிக்கட்டுகளுக்குப் பின்னால் தனியாக உட்கார்ந்து டப்பாவைத் திறந்தேன். மாஸ்டர் வந்து எதிரே ஒரு கட்டின் மேல் உட்கார்ந்தார்.

"சங்கிலி ஒரு முழமா, ஒன்றரையா?"

தெரியாத மாதிரி நடிக்கலாம் என்று பார்த்தால், நடிக்கிற அளவுக்குக்கூட முகத்தில் ரத்தம் இல்லை. "ஒரு முழம்" என்றேன்.

"எங்க அக்கா ரெண்டு வருஷம் உள்ள இருந்துச்சு. இப்பவும் வீட்டுல அப்படித்தான் வெட்டுது." டேப்பைச் சுருட்டினார், பிரித்தார். "அதுவும் பொய் சொல்லித்தான் ஒரு இடத்துல சேர்ந்துச்சு. மூணாவது மாசம் தெரிஞ்சுபோச்சு. திருடி மாதிரி பையைக் கொட்டிப் பாத்து அனுப்புனாங்க. அதோட அது வெளியவே வர்றதில்ல."

நான் டப்பாவை மூடினேன். 

"இன்னைக்கு உங்களை எடுத்துக்கலாம்னு கையெழுத்துப் போடுறவன் நான். நாளைக்குத் தெரிஞ்சா என் தலையும் சேர்ந்து உருளும். நாலு மணிக்குள்ள நீங்களே சொல்லிடுங்கம்மா. நீங்க சொல்லலன்னா நான் சொல்ற மாதிரி ஆயிடும்."

அவர்மேல் கோபம் வந்தது. அவரைக் குறை சொல்லவும் முடியவில்லை, அதனால் கோபம் இன்னும் கூடியது. அதற்குப் பிறகு வெட்டிய ஒன்பது சட்டைகளும் எப்படி வந்தன என்று எனக்குத் தெரியாது. சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கக்கூடாது என்று நினைத்தேன், பார்க்காமல் இருக்க முடியவில்லை. சொன்னால் வேலை இன்றைக்கே போகும். சொல்லாவிட்டால் மாஸ்டர் சொல்லிப் போகும். தங்கை முகம் ஒரு தடவை வந்தது. என்னைப் பார்த்துத் திட்டக்கூட இல்லை, சும்மா நின்றது. இருபதாவது சட்டையின் கடைசி வளைவு முடிந்தபோது மணி மூன்று ஐம்பது.

முதலாளியம்மாவின் அறைக்குக் கண்ணாடிக் கதவு. தோளால் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். "வாங்க வாங்க, உங்களைத்தான் பாத்துக்கிட்டிருக்கேன். அடுத்த வாரம் மத்தவங்களுக்கும் நீங்கதான் சொல்லிக் குடுக்கணும்" என்றார். அவர் கையிலிருந்த போனில் என் கைகள் வெட்டிக்கொண்டிருந்தன.

"அது வெளிநாடு இல்ல மேடம். ஜெயில்."

அவர் சிரிப்பு அப்படியே நின்றது, போகவுமில்லை. நிறுத்தினால் பிறகு சொல்ல வராது என்று இஸ்திரிப்பெட்டி வரைக்கும் சொல்லிவிட்டேன். எத்தனை வருடம் என்பதையும் சொன்னேன். அவர் பார்வை என் முகத்திலிருந்து மெல்லக் கீழே இறங்கி ஓரிடத்தில் நின்றது. நானும் குனிந்து பார்த்தேன்.

கத்தரிக்கோல் என் கையிலேயே இருந்தது.

மேசையில் வைத்துவிட்டு வரவேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இத்தனை வருடத்தில் ஒரு நாள்கூட, வேலை முடிந்து நான் அதை மேசையில் வைத்துவிட்டு எழுந்ததில்லை. அவர் நாற்காலி அரை அடி பின்னால் நகர்ந்தது. கீழே போட்டால் சத்தம் கேட்கும், வெளியே உள்ளவர்கள் எட்டிப் பார்ப்பார்கள். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். கத்தரிக்கோலைத் திருப்பிப் பிடித்தேன். கைப்பிடி அவர் பக்கம், முனை என் பக்கம். வாங்கிக்கொள்ள ஒரு கை வரும் என்று நீட்டியபடி நின்றேன். போனில் படம் முடிந்து மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது, துணி வந்துகொண்டே இருந்தது.