வேர் இங்கன, காய் அங்கன

பேச்சிமுத்து முப்பத்துநாலு வருஷம் போலீசில் இருந்து சிறப்பு சார்பு ஆய்வாளராக ஓய்வு பெற்றவர். மேலகரத்தில் அவருடைய தெருவுக்கு மட்டும் அந்தப் பதவி உயர்வு ஆர்டர் வந்து சேரவில்லை. அங்கே எல்லோருக்கும் அவர் ஏட்டையாதான். இரண்டொரு பேரைத் திருத்திப் பார்த்தார். “சரி ஏட்டையா” என்றார்கள். விட்டுவிட்டார்.

மனைவி பேத்தியைப் பார்த்துக்கொள்ள ஓசூர் போய் எட்டு மாதம் ஆகிறது. வீட்டில் அதட்ட ஆள் இல்லை. அதனால் பின்பக்கம் தோட்டம் போட்டார். வெண்டையும் தக்காளியும் வைத்தார். அவை யாரும் அதட்டாமலே காய்த்தன. அதில் அவருக்குப் பெரிய திருப்தி இல்லை.

அப்போதுதான் பண்பொழியில் விவசாயம் பார்க்கும் மாரிராஜ், பள்ளிக்கூடத்தில் கூடப் படித்தவர், ஏழு விதைகளை ஒரு தாளில் மடித்துக் கொண்டுவந்து கொடுத்தார். கறுப்பு விதை. ஓரத்தில் நகம் கீறினது மாதிரி வெள்ளைக் கோடு.

“ஏலே பேச்சி, இது செங்கரை அவரை. காயோட ஓரம் சேலைக்கரை மாதிரி சிவப்பா ஓடும். கடையில கெடைக்காது. ஆடியில ஊனு. தை முடியுததுக்குள்ள எனக்குப் பதினாலு விதை வந்து சேரணும். ஏழு வாங்கினா பதினாலு, அதான் நாட்டு விதை வச்சிருக்க எங்களுக்குள்ள முறை. அஞ்சப் போடு, ரெண்டக் கையில வச்சுக்கோ.”

பேச்சிமுத்து ஏழையும் போட்டார். கையில் எதற்கு இரண்டு என்று அவருக்குப் புரியவில்லை. அந்த வருஷம் சாரல் நின்று பெய்தது. குற்றாலத்தில் குளிக்க வந்தவர்களுக்குச் சந்தோஷம். மண்ணுக்குள் கிடந்த நாலு விதைகள் அழுகின. முளைத்த மூன்றில் இரண்டை நத்தை தின்றது. ஒன்று நின்றது.

ஆவணியில் மாரிராஜ் போன் செய்தார்.

“பன்னி வந்து என் கொடியெல்லாத்தையும் கெண்டிட்டுப் போயிட்டுலே. எடுத்து வச்ச விதையிலயும் வண்டு விழுந்துட்டு. இனி அந்த ரகம் உன் வீட்டுலதான் இருக்கு. எத்தனை கொடி நிக்கு?”

“நிக்கு.”

“எத்தனைலே?”

“எல்லாம் நல்லா நிக்கு.”

மேலதிகாரிகளுக்கு இப்படிப் பதில் சொல்லிப் பழகிய வாய். போனை வைத்துவிட்டுப் பின்பக்கம் போய், நின்ற ஒன்றைச் சுற்றி வந்து பார்த்தார். அடுத்தவர் தொலைத்த சங்கிலி, சைக்கிள், ஆடு எல்லாவற்றையும் தேடிக் கொடுத்த மனிதர் அவர். நம்பிக் கொடுத்த பொருளைத் தொலைத்துவிட்டேன் என்று ஒருத்தனிடம் போய்ச் சொல்ல அவருக்கு வராது. அந்த ஒற்றைக் கொடி பிழைக்க வேண்டும், காய்க்க வேண்டும், பதினாலு விதை தர வேண்டும்.

மறுநாளே தென்காசிக்குப் போய் ஒரு ஃபோகஸ் லைட் வாங்கினார். பந்தலுக்கு நேர் மேலே கம்பம் நட்டுக் கட்டினார். பொழுது சாய்ந்தால் தானாக எரியும், விடிந்தால் தானாக அணையும். எறும்பு நடந்தாலும் தெரியும்.

பக்கத்து வீட்டு ஆனந்தவள்ளிக்கும் தெரிந்தது. ஐம்பது வயது. வீட்டில் தையல் மிஷின் போட்டு ரவிக்கை தைப்பவள். காம்பவுண்டு சுவருக்கு அந்தப் பக்கம் நின்று கூப்பிட்டாள்.

“ஏட்டையா, உங்க லைட்டு எங்க கட்டில்ல வந்து படுக்கு.”

“பாதுகாப்புக்கும்மா.”

“எனக்கா?”

“கொடிக்கு.”

“கொடிக்குப் பாதுகாப்பு. எனக்குத் தூக்கம் கெடையாது. நல்லாருக்கு.”

அவர் லைட்டைத் திருப்பவில்லை. மூன்றாம் நாள் சுவரை ஒட்டி அவள் பக்கம் இரண்டு கம்பு எழும்பியது. கம்புகளுக்கு நடுவில் ஒரு பெரிய ஃபிளெக்ஸ் பேனர். பேச்சிமுத்து காப்பி டம்ளரோடு வெளியே வந்து அதைப் பார்த்தார். பேனரிலிருந்து பேச்சிமுத்து அவரைப் பார்த்தார். மீசைக்கு மை போட்டு, யூனிஃபார்மில் கும்பிட்டபடி நின்றார். பணி நிறைவு பாராட்டு விழாவுக்கு ஸ்டேஷன்காரர்கள் வைத்த பேனர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவரே பழைய பேப்பர்காரருக்குப் போட்டது. எங்கெங்கோ சுற்றி ஆனந்தவள்ளியிடம் வந்திருந்தது.

கிழிக்க முடியாது. சொந்த முகம். போதாததற்கு மேலகரத்திலேயே அவர் பதவி பிழையில்லாமல் எழுதியிருந்த இடம் அது ஒன்றுதான்.

அதோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றது. கொடிக்கு அந்தச் சண்டையில் அக்கறை இல்லை. பந்தலை நிரப்பி, சுவரேறி, பேனருக்கு அடியில் நுழைந்து, ஆனந்தவள்ளியின் குளியலறைத் தகரக் கூரையில் போய்ப் படர்ந்தது.

கார்த்திகை வந்தது. பந்தலில் ஒரு பூ இல்லை. இலை மட்டும் உள்ளங்கை அகலம். புளித்த மோர் ஊற்றினார். பஞ்சகவ்யம் ஊற்றினார். சாம்பல் தூவினார். கொடி எல்லாவற்றையும் நன்றாகத் தின்றது, வேலை செய்யவில்லை. இலாகாவில் அப்படிப் பலரை அவர் பார்த்திருக்கிறார். ஆனால் அவர்களிடம் பதினாலு விதை எதிர்பார்த்ததில்லை.

மார்கழி பிறந்து நாலாம் நாள் காலையில் சுவருக்கு அப்பால் பேச்சுக் குரல் கேட்டது. ஆனந்தவள்ளி யாரிடமோ போனில் சொல்லிக்கொண்டிருந்தாள். “தினம் அவரைக்காதான்ட்டி. பொரியல், கூட்டு, புளிக்குழம்பு. முடியல.”

பேச்சிமுத்து பேனர் ஓரமாக நாற்காலியைப் போட்டு ஏறி எட்டிப் பார்த்தார். தகரக் கூரை முழுக்க ஊதாப்பூ. கொத்துக் கொத்தாகக் காய், ஓரத்தில் சிவப்புக் கரை. கீழே ஸ்டூலில் நின்று ஆனந்தவள்ளி பிஞ்சாகப் பார்த்துப் பறித்துக்கொண்டிருந்தாள்.

“ஏம்மா, அது என் காய்.”

“எது?”

“நீ பறிக்குதது.”

“நானா கூப்பிட்டேன்? அதுவா வந்துச்சு.”

“வேரு என் வீட்டுல இருக்கு.”

“அப்ப வேரப் பிடுங்கித் தின்னுங்க.”

அவர் நாற்காலியிலிருந்து இறங்கினார். எந்தப் பிரிவில் வழக்குப் போடுவது என்று யோசித்தார். ஒன்றும் பொருந்தவில்லை. அவள் ஏதோ ரகசிய உரம் போடுகிறாள் என்று முடிவு செய்து நாலு நாள் கண்காணித்தார். அரிசி கழுவின தண்ணீரைக்கூட அவள் கொடிக்கு ஊற்றவில்லை. ரோட்டில்தான் ஊற்றினாள்.

அந்த வாரமே மாரிராஜ் குற்றாலத்தில் குளித்துவிட்டு, தலையில் ஈரத்துண்டோடு நேராக வந்துவிட்டார். வந்தவர் பின்பக்கம் போய்ச் சுற்றிலும் பார்த்தார்.

“ஏழு கொடி எங்கலே?”

பேச்சிமுத்து பந்தலைக் காட்டினார்.

“இது ஒண்ணு. மத்த ஆறு?”

“லீவுல இருக்கு.”

மாரிராஜ் சிரிக்கவில்லை. இலையைத் திருப்பிப் பார்த்தார். தண்டைக் கிள்ளிப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து கம்பத்தைப் பார்த்தார்.

“இது எதுக்கு?”

“பாதுகாப்புக்கு.”

“ராத்திரி பூரா எரியுமா?”

“விடியுத வரைக்கும். தானா எரியும், தானா அணையும்.”

மாரிராஜ் துவைக்கிற கல்லில் உட்கார்ந்தார். இப்போது சிரித்தார். ஈரத்துண்டு நழுவி விழுகிற அளவுக்குச் சிரித்தார்.

“ஏலே கூறுகெட்டவனே. நாட்டு அவரை ராத்திரி நீளுததப் பாத்துத்தான் பூக்கும். ஐப்பசி, கார்த்திகையில இருட்டு கூடும்லா, அதான் அதுக்கு அடையாளம். நீ ராத்திரியே இல்லாம ஆக்கிட்ட. அது இன்னும் ஆடி மாசம்னு நெனச்சிட்டு நிக்கு.”

“அப்ப அந்தப் பக்கம் எப்படிக் காய்ச்சுது?”

மாரிராஜ் நாற்காலியில் ஏறி அந்தப் பக்கம் பார்த்தார். கம்பத்தைப் பார்த்தார். நடுவில் நின்ற பேனரைப் பார்த்தார்.

“உன் மூஞ்சி மறைச்சிருக்கு.”

பேச்சிமுத்துவும் பார்த்தார். உண்மைதான். ராத்திரி லைட் வெளிச்சம் கும்பிட்ட கைகளில் பட்டு நின்றுவிடும். அதற்குப் பின்னால் முழு இருட்டு. அவர் முகத்தால் ஒரு நல்லது நடந்திருக்கிறது, அதுவும் அவருக்குத் தெரியாமல்.

“லைட்டக் கழட்டினா இங்கனயும் பூக்கும்லா?”

“பூக்கும். காய்ச்சு முத்திக் காயுததுக்குப் பங்குனி ஆயிரும். அதுக்குள்ள வெயில் வந்துட்டா பூவெல்லாம் கொட்டும். அத நம்ப முடியாது. அந்தப் பக்கத்துக் காய முத்த விட்டாத்தான் விதை. போய்க் கேளு.”

“யாரு, நானா?”

“பின்ன, பேனர்ல நிக்கவனா?”

பேச்சிமுத்து அன்று சாயங்காலமே லைட்டைக் கழற்றினார். கேட்கப் போவதற்கு இரண்டு நாள் ஆனது. மூன்றாம் நாள் சட்டையை மாற்றிக்கொண்டு, தெருவைச் சுற்றி ஆனந்தவள்ளியின் வாசலுக்குப் போனார். அவள் மிஷினை நிறுத்தவில்லை.

“என்ன ஏட்டையா, வாசல் வழியா வந்திருக்கீங்க?”

“லைட்டக் கழட்டிட்டேன்.”

“பாத்தேன்.”

“தப்பு என் பேர்லதான்.”

இந்த வாக்கியத்தை அவர் எத்தனையோ பேருக்காக எழுதி, கையெழுத்தும் வாங்கியிருக்கிறார். தன் வாயால் சொன்னது இதுதான் முதல் தடவை. பண்பொழி விதை, பன்றி, பதினாலு எல்லாவற்றையும் சொன்னார். “காயப் பறிக்காம விடணும்மா. முத்திக் காயட்டும்” என்று முடித்தார்.

“எத்தனை நாளைக்கு?”

“ஒரு நாப்பது நாள்.”

மிஷின் நின்றது. “நாப்பது நாளைக்கு நான் கொழம்புல என்னத்தப் போட? பட்டனப் போட்டுக் கொதிக்க வைக்கவா?”

“நான் வாங்கித் தாரேன்.”

“அவரைக்காயா?”

“அவரைக்காதான்.”

“பிஞ்சா இருக்கணும்.”

“பிஞ்சாவே தாரேன்.”

அவள் எழுந்துபோய், தைத்து மிஞ்சின துணியில் நாடா கிழித்து, நல்ல கொத்தாகப் பார்த்து எட்டுக் காய்களில் கட்டினாள். பச்சை, ரோஸ், ஜரிகை வைத்த மெரூன். துணி கட்டின காயைத் தொடக்கூடாது, மற்றதெல்லாம் தனக்கு என்றாள். அவர் ஒப்புக்கொண்டார். வாங்கித் தருவதாகச் சொன்னதை அவள் ரத்து செய்யவில்லை என்பது வீட்டுக்கு வந்தபிறகுதான் அவருக்கு உறைத்தது.

ஆக, வீட்டில் அவரைப் பந்தல் வைத்திருந்த பேச்சிமுத்து, வாரம் ஒருநாள் பஸ் ஏறிப் பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் அவரைக்காய் வாங்கினார். ஒலி முகம்மது கடையில்தான் வாடிக்கை.

“அண்ணாச்சி வீட்டுலயே கொடி இருக்குன்னு சொன்னாங்களே.”

“இருக்கு. காயெல்லாம் பக்கத்து வீட்டுல கெடக்கு.”

“அப்ப இது?”

“இது பக்கத்து வீட்டுக்கு.”

ஒலி முகம்மது தராசைக் கீழே வைத்தார். “வெயில்ல நிக்காதீங்க அண்ணாச்சி. உள்ள வந்து உக்காருங்க” என்றார்.

பொங்கலன்று காலை பேச்சிமுத்து வழக்கம்போல நாற்காலியில் ஏறிக் காய்களை எண்ணினார். மூன்றுதான் இருந்தன. மறுபடி எண்ணினார். மூன்று. கூரை விளிம்பில் பச்சை, ரோஸ் நாடாக்கள் மடித்து அழகாக வைக்கப்பட்டிருந்தன. சமையலறை ஜன்னலுக்குள் ஒரு பெண்பிள்ளை அருவாமனையில் உட்கார்ந்திருந்தாள். பொங்கலுக்கு வந்த ஆனந்தவள்ளியின் மகள் ப்ரீதா.

வாசல் வழியாகப் போக நேரம் இல்லை. அறுபத்திரண்டு வயதில், பொங்கல் வேட்டியோடு, பேச்சிமுத்து சுவரில் ஏறி அந்தப் பக்கம் குதித்தார்.

“கத்தியக் கீழ போடு.”

ப்ரீதாவிடம் இருந்தது அருவாமனை. அதைக் கீழே போட வழியில்லை. இரண்டு கையையும் தூக்கினாள்.

“அம்மா, ஏட்டையா சுவரேறிக் குதிச்சிட்டாங்க.”

ஆனந்தவள்ளி பொங்கல் கரண்டியோடு ஓடி வந்தாள். பலகையில் நாலு காய் முழுசாகவும் ஒன்று இரண்டு துண்டாகவும் கிடந்தன. பொங்கல் குழம்புக்கு நாட்டு அவரை போட்டால்தான் சேரும் என்று அவள்தான் மகளிடம் சொல்லியிருக்கிறாள். எதைப் பறிக்கக்கூடாது என்று சொல்லவில்லை.

“துணி கட்டியிருந்துச்சேட்டி, பாக்கலயா?”

“திருஷ்டிக்குன்னு நெனச்சேன். அதான் அவுத்து மடிச்சு வச்சிட்டுப் பறிச்சேன்.”

பேச்சிமுத்து உள்ளே போய்த் தரையில் உட்கார்ந்து துண்டுகளைப் பொறுக்கினார். வெட்டுப்பட்ட காய்க்குள் விதை பருத்து, கறுக்க ஆரம்பித்திருந்தது. மாரிராஜுக்குப் போன் போட்டார். “முத்தினதுதான? தோலோட நிழல்ல காயப் போடு. பாதி தேறும்” என்றார் மாரிராஜ். ஆனந்தவள்ளி ஒரு முறத்தை எடுத்து, விரித்த ரவிக்கைத் துணியில் காய்களைப் பரப்பி, மிஷினுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

“குழம்புக்கு இப்ப என்னம்மா செய்ய?” என்றாள் ப்ரீதா, கையை இன்னும் முழுசாக இறக்காமல்.

பேச்சிமுத்து வீட்டுக்குப் போய், முந்தினநாள் வாங்கி வைத்திருந்த ஒரு கிலோ மார்க்கெட் அவரையைக் கொண்டுவந்தார். இந்தத் தடவை வாசல் வழியாக வந்தார்.

கொடியில் நின்ற மூன்று காயில் பதினொன்று. முறத்தில் காய்ந்ததில் ஆறு. பதினேழு விதை தேறியது. மூன்றைக் கையில் வைத்துக்கொண்டார். தை முடிய இரண்டு நாள் இருக்கும்போது பதினாலை ஒரு மாத்திரை டப்பாவில் போட்டுப் பண்பொழிக்குக் கொண்டுபோனார். மாரிராஜ் ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பார்த்தார். ஓட்டை இல்லை, சுருக்கம் இல்லை. பெரிய காரியம் செய்தவனைப் பார்ப்பது மாதிரி பேச்சிமுத்துவைப் பார்த்தார்.

“ருசி எப்படிலே இருந்துச்சு?”

ஆடியிலிருந்து தைவரை அந்தக் கொடியில் ஒரு காய்கூடப் பேச்சிமுத்து வாயில் பட்டதில்லை. தின்றது ஒரே ஒருத்தி. தோப்புப் பக்கம் தள்ளிப் போய் நின்று போன் போட்டார்.

“உள்ளதச் சொல்லட்டா ஏட்டையா?” என்றாள் ஆனந்தவள்ளி. “கொஞ்சம் நாராத்தான் இருந்துச்சு. நீங்க மார்க்கெட்டுல வாங்கியாந்தது இதவிட நல்லாருந்துச்சு.”

போனை வைத்துவிட்டுத் திரும்பி வந்தார். மாரிராஜ் டப்பாவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்.

“என்ன சொல்லுதா?”

“இந்த மாதிரி ருசி வேற எதுலயும் இல்லங்கா” என்றார் பேச்சிமுத்து. சாட்சிகள் சொல்லாததை எழுதி எழுதிப் பழகியவர், ஒரு சொல் தடுமாறவில்லை.