பங்குச் சந்தைக்குக் குரங்கா, பூனையா?

வெளிநாட்டுக் கம்பெனிகள் உள்ளூர் ஜனங்களுக்கும் பங்கு விற்க வேண்டும் என்று சர்க்கார் சொல்லிவிட்ட வருஷம் அது. பௌதிகம் படித்துவிட்டுச் சின்னக் காஞ்சிபுரத்தில் ஒரு பள்ளிக்கூட ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்துவந்த ஹேமாம்புஜத்துக்கு, ஒரு பிஸ்கட் கம்பெனியில் ஐம்பது பங்கு வாங்க ஆசை வந்தது. விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் வெள்ளிக்கிழமை. அவள் சேமிப்பு தபாலாபீஸில் இருந்தது. கணக்கு மட்டும் அப்பாவோடு சேர்ந்தது. அவர் கையெழுத்தில்லாமல் ஒரு பைசா வெளியே வராது.

"ஒண்ணும் தெரியாம எவனாவது பங்கு வாங்குவானோ?" என்றார் அப்பா சடகோபன். "ஆரம்பப் புஸ்தகம் ஒண்ணு முழுசா படிச்சு முடிக்கறேன். அப்புறம் கையெழுத்து."

வீட்டுக்கு இரண்டு புத்தகங்கள் வந்தன. சிவப்பு அட்டை அப்பா தேர்ந்தெடுத்தது. பச்சை அட்டை, அம்மாவின் தம்பி தேவராஜன் அடுத்த தெருவிலிருந்து கொண்டுவந்தது. கம்பெனியின் கணக்கை வரி வரியாகப் படி, தினமும் விலையைப் பார், பிடியை விடாதே என்றது சிவப்பு. நல்ல கம்பெனியில் போட்டுவிட்டுத் தூங்கு, மற்றதை அது பார்த்துக்கொள்ளும் என்றது பச்சை.

வேறு ஊராக இருந்தால் இதோடு போயிருக்கும். அப்பா வடகலை வைஷ்ணவர், மாமா தென்கலை. அம்மாவின் கல்யாணம் எப்படி நடந்தது என்பதை இரண்டு வீட்டிலும் யாரும் பேசுவதில்லை.

"இது குரங்குக்குட்டி. தாயை இறுக்கிப் பிடிச்சுக்கணும். பெருமாளை நாமதான் பிடிச்சுக்கணும்கற நம்ம சித்தாந்தமேதான்!" என்று அப்பா சிவப்பைத் தட்டினார்.

"இது பூனைக்குட்டி. தாய் கவ்விண்டு போயிடும். குட்டி சும்மா இருந்தாப் போறும்," என்றார் மாமா.

"சும்மா இருக்கறதுக்கு எதுக்கு ஓய் புஸ்தகம்?"

"சும்மா இருக்கணும்னு தெரிஞ்சுக்க வேண்டாமா அத்திம்பேர்? அதனால இதைத்தான் முதல்ல படிக்கணும்."

'முதல்ல' என்ற சொல் காதில் விழுந்ததும் அம்மா அடுப்பைத் தணித்துவிட்டு வந்து தூணில் சாய்ந்து உட்கார்ந்தாள். பெருமாள் முன்னால் எந்தக் கலையார் முதலில் பாசுரம் சொல்வது என்று தலைமுறை தலைமுறையாக வழக்காடிய ஊர். இன்றைக்குச் சாப்பாடு இல்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

திங்கட்கிழமை அப்பா உரக்கப் படிக்க வாயைத் திறந்தபோது மாமா பக்கத்தைக் கையால் மூடினார். செவ்வாய்க்கிழமை மாமா திறந்தபோது அப்பா மூடினார். புதன்கிழமைக்குள் கூடத்தில் அப்பா பக்கம் எட்டுப் பேர், மாமா பக்கம் ஒன்பது பேர். அவர்களில் ஒருவரும் பங்கு வாங்கப்போவதில்லை. வியாழக்கிழமை ஒருவர், கடைசிப் பக்கத்திலிருந்து ஆரம்பிக்கலாமே என்று சமரசம் சொன்னார். "எந்தப் புஸ்தகத்தோட கடைசிப் பக்கம் முதல்ல?" என்று இரு பக்கமும் கேட்டதும் அவர் செருப்பைத் தேடிக்கொண்டு போனார்.

"படிக்காமலே கையெழுத்துப் போட்டுடுங்கோப்பா. நாளைக்குக் கடைசி நாள்," என்றாள் ஹேமா.

"போட்டா நான் பூனைன்னு ஒப்புத்துண்டதா ஆயிடும். ஏழு தலைமுறைக்குச் சொல்லிக் காட்டுவாடி!"

வெள்ளிக்கிழமை காலை அவள் ஆய்வுக்கூடத்து ஸ்டாப் வாட்ச்சோடு கூடத்தில் வந்து நின்றாள். அத்தனை பேர் நடுவில் அவள் பேசியதே இல்லை. முதல் தடவை சொன்னது யார் காதிலும் விழவில்லை.

"ரெண்டு பேரும் ஒரே சமயத்துல படிங்கோ," என்றாள் மறுபடியும். "இதை அழுத்தினதும் ஆரம்பிக்கணும். அப்போ யாரும் முதல் இல்லை."

அழுத்தினாள். இரண்டு குரல்கள், அறுபது அறுபது பக்கம். தெருவில் போன மாடு ஒன்று நின்று கேட்டுவிட்டுப் போயிற்று. பன்னிரண்டே முக்காலுக்கு இரண்டு அட்டைகளும் படீரென்று மூடின.

"என்னப்பா புரிஞ்சுது?"

"இவன் போட்ட சத்தத்துல ஒரு எழுத்துப் புரியலை. ஆனா முழுசா படிச்சாச்சு." அப்பா கையெழுத்துப் போட்டார்.

தபாலாபீஸுக்கு ஓடிப் பணம் வாங்கி, அங்கிருந்து விண்ணப்பம் வாங்கும் பாங்குக்கு ஓடினாள். பியூன் துரைக்கண்ணு கதவை இழுத்துக்கொண்டிருந்தார்.

"இன்னாமா, கதவ சாத்திக்கினு இருக்கசொல்ல ஓடியார? சரி, பூந்துக்கோ."

ரசீதோடு அவள் வீடு திரும்பியபோது கூடம் கலையவே இல்லை. அத்தனை முகங்களும் திரும்பின.

"வாட்ச் உங்கிட்டதானே இருந்தது?" என்றார் அப்பா. "சொல்லு. யார் முதல்ல முடிச்சா?"

"நான் முள்ளைப் பார்க்கலைப்பா. நீங்க பேனாவை எடுக்கறேளான்னுதான் பார்த்துண்டிருந்தேன்."



"அப்போ மறுபடியும் படிச்சுட வேண்டியதுதான்," என்று மாமா பச்சை அட்டையைத் திறந்தார். அப்பா அதன்மேல் கையை வைத்தார்.