பதினொரு மணிக்கு அறை காலி

நான் வேலை பார்த்த ஹோட்டலை விற்றுவிட்டார்கள். வாங்கியவர் அதை மெத்தைக் கிடங்காக ஆக்கப்போகிறாராம். பதினாறு வருடம் நான் மெத்தைகளுக்கு விரிப்பு மாற்றிய கட்டடத்தில் இனி மெத்தைகள் மட்டும் தங்கும், அவற்றின் மேல் படுத்துப் புகார் சொல்ல ஆள் இருக்காது. யோசித்துப் பார்த்தால் நல்ல முன்னேற்றம்தான். ஆனால் நான் குடியிருந்ததும் அதே கட்டடத்தின் மொட்டை மாடி அறையில் என்பதால், வேலையும் வீடும் ஒரே கடிதத்தில் போயின. கடிதத்தின் அடியில் 'இனிய குளிர்கால விடுமுறை அமையட்டும்' என்று வேறு அச்சடித்திருந்தார்கள்.

அன்று மதியமே என் பள்ளித் தோழி அண்டாவுக்குப் போன் செய்தேன். அவள் ஒரு பள்ளிக்கூட கேன்டீனில் தலைமைச் சமையல்காரி, முந்நூறு பேருக்குக் குறைந்து சமைக்கத் தெரியாது, அதனால் அந்தப் பெயர். அவள் வீட்டில் ஓர் அறை சும்மா கிடக்கிறது. 'அங்கே வந்து இருந்துகொள்ளட்டுமா' என்று கேட்கத்தான் கூப்பிட்டேன்.

"லீவா? உனக்கா? அந்த முதலைங்க கடைசில லீவு குடுத்துட்டாங்களா?" என்று அவள் போட்ட கூச்சலில் நான் தயார் செய்து வைத்திருந்த வாக்கியம் ஓடிப் போய்விட்டது.

"ஆமா, குடுத்துட்டாங்க" என்றேன். அது பொய் இல்லை.

"எத்தனை நாளு?"

"நாலு." அது பொய்.

ஆக, எனக்குச் சொந்தமான எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் திணித்துக்கொண்டு, நாலு நாள் விடுமுறைக்குப் போகிறவளைப் போல முகத்தை வைத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போய் இறங்கினேன். நாலு நாளுக்குள் உண்மையைச் சொல்லி அறையைக் கேட்டுவிட வேண்டும். பெட்டியை மட்டும் யாரையும் தொட விடவில்லை. தூக்கிப் பார்த்தால் பிடித்துவிடுவார்கள்.

"வா தங்கச்சி" என்று அண்டாவின் கணவர் கதவைத் திறந்தார். நகரப் பேருந்து ஓட்டுநர். வருடம் முழுவதும் நாற்பது பேரைச் சுமந்துகொண்டு திரிகிறவர் என்பதால் குளிர்கால விடுமுறையில் சோபாவின் ஜன்னலோர மூலையைவிட்டு அசைய மாட்டார். உள்ளே வந்ததும் மறுபடியும் அங்கேயே போய் உட்கார்ந்து, போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டார்.

"பயணி ஏறியாச்சு. அடுத்த நிறுத்தம் சாப்பாடு" என்றார்.

சாப்பாடு கேரட் சூப். கேன்டீனிலிருந்து இரவல் வந்த பாத்திரத்தில் ஒரு குழந்தையைக் குளிப்பாட்டலாம். "கொஞ்சமாத்தான் வச்சேன்" என்றாள் அண்டா. முதல் நாள் முழுக்க அதைக் குடித்தோம். இரண்டாம் நாள் எழுந்து பார்த்தபோது மட்டம் ஒரு விரல்தான் இறங்கியிருந்தது.

அன்று காலை மூவரும் ஆளுக்கொரு போர்வையில் சுருண்டு கிடந்தோம். வெளியே பனிமூட்டத்தில் எதிர்வீடே காணாமல் போயிருந்தது. கேட்பதற்கு இதைவிட நல்ல நேரம் வராது.

"அண்டா, உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்."

"கேளு."

"அந்த ரூம்..."

"குளிருதா? அந்த ரூமோட ராசியே சரியில்லடி. இவரு தம்பி வந்தாரே, ஒரு வாரம்தான் அண்ணின்னு சொல்லிட்டு? எட்டு மாசம்! எட்டு மாசம் அந்தக் கட்டில்ல படுத்துக்கிட்டு, சூப்புல உப்பு கம்மின்னு சொன்னாரு!"

"கம்மியாத்தான் இருந்துச்சு" என்றார் ஓட்டுநர்.

"நீங்க வாயை மூடுங்க. அன்னிக்கே சத்தியம் பண்ணிட்டேன். யாரா இருந்தாலும் சரி, அந்த ரூம்ல நாலு நாளுக்கு மேல ஒரு விருந்தாளியும் தங்கக் கூடாது. நீ கரெக்டா நாலு நாளு லீவு போட்டுட்டு வந்த பாத்தியா, அதான்டி எனக்கு உன்னைப் பிடிக்கும். ஆமா, என்னமோ கேக்கணும்னியே?"

"இன்னொரு போர்வை இருக்கா?" என்றேன்.

மூன்றாம் நாள் மாலை எங்கள் இன்னொரு வகுப்புத் தோழியைப் பார்க்கப் போனோம். அவள் நர்ஸ். விருந்தினரை உட்காரவைத்து ரத்த அழுத்தம் பார்த்துவிட்டுத்தான் டீ கொடுப்பாள். என் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றை அடித்துவிட்டுப் புருவத்தைத் தூக்கினாள்.

"என்னடி இது, எகிறிக்கிட்டு நிக்குது? எதையோ உள்ள அடக்கி வச்சிருக்க நீ."

"அவ எல்லாத்தையும் அடக்குவா. ஸ்கூல்ல பாத்ரூம் போகணும்னு கேக்கறதுக்கே வெக்கப்பட்டு அஞ்சு பீரியட் உக்காந்திருந்தவதானே" என்றாள் அண்டா. இருவரும் டீ சிந்தச் சிந்தச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அழுத்தம் இன்னும் கொஞ்சம் ஏறியிருக்கும்.

நாலாம் நாள் காலையில் அண்டாவும் ஓட்டுநரும் சந்தைக்குக் கிளம்பினார்கள். ஓட்டுநரைச் சோபாவிலிருந்து எழுப்பவே கால் மணி நேரம் ஆயிற்று. கதவு சாத்திய பிறகு நான் ஒரு முடிவுக்கு வந்தேன். கேட்கப் போவதில்லை. எட்டு மாத மைத்துனரோடு ஒரே பட்டியலில் என் பெயர் சேர வேண்டாம். அவர்கள் திரும்பியதும் சிரித்த முகத்தோடு விடைபெற்றுக்கொண்டு, மாலைப் பேருந்தில் எங்கேயாவது போய்விடலாம். எங்கே என்பதைப் பேருந்தில் ஏறிய பிறகு யோசிக்கலாம்.

முடிவெடுத்த பிறகு மூளை ஓய்ந்துவிட்டது, கைகள் மட்டும் வேலை செய்தன. எங்கள் தொழிலில் விருந்தினர் அறையைக் காலி செய்யும் நேரம் பதினொரு மணி. அதன் பிறகு அங்கே ஒருவர் தங்கியிருந்தார் என்பதற்கு ஒரு தலைமுடிகூடச் சாட்சி சொல்லக் கூடாது. நான் விரிப்பை உருவினேன். மெத்தையைத் திருப்பிப் போட்டேன். கண்ணாடியைத் துடைத்தேன். குளியலறையைக் கழுவி, புதுச் சோப்பு வைத்து, டிஷ்யூச் சுருளின் நுனியை முக்கோணமாக மடித்தும்விட்டேன். அறையைக் காலி செய்த விருந்தினரின் பெட்டியைக் கூடத்தில் விடக் கூடாது, படிக்கட்டுக்கு அடியில்தான் வைக்க வேண்டும். வைத்தேன். பிறகு விரிப்புகளை அலசி எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனேன். காற்று பலமாக இருந்தது, கிளிப்புகள் இல்லை. விரிப்பின் இரண்டு மூலைகளையும் கொடியோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. கீழேயிருந்து அண்டாவின் அலறல் கேட்டது.

"போயிட்டா! சொல்லாமக் கொள்ளாமப் போயிட்டா! பெட்டியைக் காணோம், கட்டில் மொட்டையா கிடக்கு! எல்லாம் உங்க தம்பி கதையைச் சொன்னதாலதான்!"

"சொன்னது நீதானே?"

"போன் பண்ணுங்க! பஸ்ஸை நிறுத்தச் சொல்லுங்க!"

விரிப்பைக் கொடியில் முடிச்சுப் போட்டுவிட்டு நான் கீழே இறங்கி வருவதற்குள் விஷயம் கைமீறிவிட்டது. ஓட்டுநர், பதினொன்றே முக்கால் பேருந்தை ஓட்டும் தன் நண்பரைப் பிடித்திருந்தார். பேருந்து பாலத்தின் நடுவில் நின்றிருந்தது. நடத்துநர், பெரிய பெட்டியும் அழுத முகமுமாக இருந்த ஒரு பெண்மணியைக் கையோடு இறக்கிவிட்டார்.

"கிடைச்சிட்டா!" என்றார் ஓட்டுநர், போனைக் காதிலிருந்து எடுக்காமல். "ஆனா வர மாட்டேங்குறாளாம். குடையால அடிக்கிறாளாம்."

"அது நான் இல்லண்ணா" என்றேன் படியில் நின்றபடி.

இருவரும் திரும்பினார்கள். அண்டாவின் கையில் வெங்காயப் பை. அதை அப்படியே கீழே போட்டாள்.

"எங்கடி போன?"

"விரிப்பு காயப் போட."

"பெட்டி எங்க?"

"படிக்கட்டுக்கு அடியில."

"ஏன்?"

"பதினொரு மணி ஆயிடுச்சு" என்றேன். வேறு எப்படிச் சொல்வது?

அண்டா நேராகப் படிக்கட்டடிக்குப் போய்ப் பெட்டியைப் பிடித்து இழுத்தாள். முந்நூறு பேருக்கான குண்டானைத் தனியாக இறக்குகிற கை. பெட்டி அசையவில்லை. அவள் என்னைப் பார்த்தாள், பெட்டியைப் பார்த்தாள், பூட்டைத் திறந்தாள். இஸ்திரிப் பெட்டி வெளியே வந்தது. சுவர்க் கடிகாரம் வந்தது. என் பெற்றோரின் கல்யாணப் போட்டோ சட்டத்தோடு வந்தது. கடைசியாக ஒரு ஜோடி ரப்பர்ச் செருப்பைத் தூக்கிப் பிடித்தாள்.

"இந்தக் குளிர்ல இது எதுக்குடி? நாலு நாளைக்கா?"

"ஹோட்டலை வித்துட்டாங்க."

"எப்போ?"

"உனக்குப் போன் பண்ண அன்னிக்குக் காலையில."

அண்டா செருப்பை வைத்து என்னை அடிப்பாள் என்றுதான் நினைத்தேன். அடிக்கவில்லை. படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"இந்த ரூம் விஷயமாத்தான் அன்னிக்குக் கேக்க வந்தியா?"

தலையாட்டினேன்.

"சரி, இப்போ கேளு."

"நீதான் சத்தியம்..."

"சத்தியத்தை நான் பாத்துக்கறேன். நானா வாயைத் திறந்து 'இருடி'ன்னு சொல்ல மாட்டேன். சொன்னா நாளைக்குக் காலைல மறுபடியும் பாத்ரூமைக் கழுவி வச்சிட்டு மாடியில போய் நிப்ப. நீ கேக்கணும். கேளு."

ஓட்டுநர் போனை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, பரீட்சை ஹாலில் விடை சொல்லித் தருகிறவரைப் போல உதட்டை அசைத்தார். அவர் என்ன சொன்னார் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

"எனக்கு அந்த ரூம் வேணும்" என்றேன்.

"எத்தனை நாளைக்கு?"

"தெரியாது. வேற வேலை கிடைக்கிற வரைக்கும். அதுக்கு அப்புறமும் இருப்பேன்னு நினைக்கிறேன்."

"இதைச் சொல்றதுக்கு நாலு நாளா? பஸ்ஸை வேற நிறுத்திட்டியே, பாவி" என்றாள் அண்டா. மூக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டு எழுந்து, பெட்டியைக் காலால் உதைத்து உதைத்து அறைப் பக்கம் தள்ள ஆரம்பித்தாள்.

"தங்கச்சி" என்று ஓட்டுநர் போனை என்னிடம் நீட்டினார். "பாலத்துல இருக்கிற அந்த அம்மா என் பேரைக் கேக்குது. மேலிடத்துக்கு எழுதப் போகுதாம். நீ பேசேன், உனக்குத்தான் பழக்கம்."

நான் போனை வாங்கித் தொண்டையைச் சரிசெய்துகொண்டேன். "வணக்கம் மேடம். உங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு ரொம்ப வருந்துறோம்" என்று ஆரம்பித்தேன். அந்த அம்மாள் ஆறு நிமிடம் திட்டினார். பாதியில், நான் எங்கிருந்து பேசுகிறேன் என்று கேட்டார்.

"வீட்லேர்ந்து மேடம்" என்றேன்.