மாமன் மடி

அழகுபாண்டிக்கு முப்பத்துமூன்று வயது. கப்பலூரில் ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில் வேலை, பழங்காநத்தத்தில் தனி அறை. லூபஸ் என்ற நோய் வந்து ஏழு வருடமாகிறது. அதற்குச் சாப்பிடும் ஸ்டீராய்டு மாத்திரை முகத்தை ஊத வைத்து, எலும்பை உள்ளுக்குள் அரித்துவிட்டது. போன மாதம் தண்ணீர் கேனைத் தூக்கியபோது முதுகெலும்பில் ஒரு கணு நசுங்கியது. கனமான எதையும், திமிறுகிற எதையும் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

அலங்காநல்லூரில் அக்கா ஜெயக்கொடியின் மகளுக்குக் காதுகுத்து. பிள்ளையைத் தாய்மாமன் மடியில்தான் உட்கார வைப்பார்கள். அக்காவுக்குக் கூடப்பிறந்தவன் இவன் ஒருவன்தான். முதுகு விஷயத்தைப் போனில் சொல்லிப் பார்த்தான். சும்மா உட்கார்ந்திருப்பதற்கு என்ன என்று கேட்டுவிட்டாள்.

அந்த நோய்க்கு வெயிலும் ஆகாது. கோயிலுக்குக் குடையோடு வந்தவனைப் பார்த்து அக்காவின் கணவர் சோணை சிரித்தார்.

"என்ன மாப்ள, இம்புட்டு சதை போட்டுட்ட? வெயில் பட்டா உருகிருவியோ?"

சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். மாலை போட்டு அவனைப் பலகையில் உட்கார வைத்தார்கள். ஆசாரி கம்பியை எடுத்ததைப் பார்த்ததும் பிள்ளை அக்காவின் கையிலேயே முதுகை வளைத்துத் துள்ளியது. வாங்கிக்கொள்ள நீட்டிய கையை அவன் மடக்கிக்கொண்டான்.

"என்னால முடியாதுக்கா. சுருளிய உக்காரச் சொல்லு."

சுருளி சித்தப்பா மகன். அக்கா குனிந்து அழகுபாண்டியின் காதோரம் சொன்னாள்.

"ஊரு முன்னாடி என்னைய நாதியத்தவளா ஆக்கிட்டியேடா."

மாலை சுருளியின் கழுத்துக்கு மாறியது. பிள்ளை உதைத்தது. அவன் சிரித்துக்கொண்டே இறுக்கிப் பிடித்துக்கொண்டான். போட்டோ எடுத்தார்கள். பந்தியில் மாமனுக்கென்று போட்ட முதல் இலையிலும் சுருளிதான் உட்கார்ந்தான்.

சாயங்காலம் பஸ்ஸுக்கு நின்றபோது அக்கா வந்தாள். கையில் தேங்காயும் பழமும் பலகாரமுமாக நிறைந்த பெரிய பை. அவனிடம் நீட்டினாள். அவன் கை வைப்பதற்குள் என்ன நினைத்தாளோ, தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பஸ் வந்ததும் தானே ஏறி, அவன் சீட்டுக்கு அடியில் வைத்தாள்.

"எறங்கும்போது யாரையாச்சும் எடுத்துக் குடுக்கச் சொல்லு."

வாரேன் என்றான். அவள் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

பழங்காநத்தத்தில் பஸ் நின்றபோது பக்கத்துச் சீட்டில் ஒல்லியான பெரியவர் ஒருவர் இருந்தார். கொழுத்த கன்னமும் தொந்தியுமாக இருக்கிற ஒருவன் அவரிடம் போய் என்னவென்று கேட்பது? அப்படியே கேட்டுப் பையை இறக்கினாலும் அறை வரைக்கும் யார் சுமப்பது? கண்டக்டர் அவசரப்படுத்தினார்.

அழகுபாண்டி கம்பியைப் பிடித்து மெதுவாக, வெறுங்கையோடு இறங்கினான்.