அரை வாத்தியார்

"மகளை வேற வகுப்புக்கு மாத்திக்கிறேன் நவமணி," என்றான் தேவன்.

புந்தோங் தமிழ்ப் பள்ளியில் நான் கணக்கு நடத்தும் ஐந்தாம் ஆண்டு வகுப்பறை அது. பள்ளி விட்டாயிற்று. அவன் மகள் தினேஸ்வரி மட்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டு பலகையையே முறைத்துக்கொண்டிருந்தாள்.

"கணக்கைப் போட்டுட்டு நீ சும்மா நிக்கிறியாம். டியூஷன்ல வழியைச் சொல்லிக் குடுத்துடுறாங்கல்ல. இங்க புள்ள குழம்பிப்போயி அழுவுது."

எனக்குச் சுர்ரென்று வந்தது. வேறு யார் சொன்னாலும் பொறுத்திருப்பேன். பீடோர் பக்கத்துத் தோட்டப் பள்ளியில் என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன் இவன். அங்கே ஒரே அறையில் முதுகோடு முதுகாக இரண்டு வகுப்புகள். இரண்டுக்கும் கனகராஜ் சார் ஒருவரே. எங்களுக்கு ஒரு கணக்கை எழுதிப் போட்டுவிட்டு அந்தப் பக்கம் போய்விடுவார். அவர் திரும்பும்வரை விடைக்காக அடித்துக்கொள்வோம். இவன் சட்டைப் பொத்தானைப் பிய்த்ததே நான்தான். அரை வாத்தியாரிடம் படிக்கிற பிள்ளைகள் என்று ஊரே பரிதாபப்பட்டது. அவர் இல்லாத அந்த மீதி அரையில்தான் எனக்கு மூளை முளைத்தது. இப்போது அந்தப் பள்ளி இருந்த இடத்தில் எண்ணெய்க்காக நட்ட செம்பனை மரங்கள் நிற்கின்றன.

"முதல்ல கணக்கைப் படி," என்று தேவனுக்குப் பலகையைக் காட்டினேன்.

பத்துக் கிலோ ரப்பர் பாலில் மூன்று கிலோ ரப்பர் இருக்கிறது. வாளிக்குள் மழை பெய்து, பால் பன்னிரண்டு கிலோ ஆகிவிட்டது. இப்போது அதில் ரப்பர் எவ்வளவு?

"இதுக்கா இவ்வளவு? பத்துக்கு மூணுன்னா, பன்னெண்டுக்கு மூணு புள்ளி ஆறு. எழுதும்மா, போலாம்."

தினேஸ்வரி எழுதவில்லை. "நானும் அதான்பா போட்டேன். ஆனா ஏதோ இடிக்குது."

தேவன் வாயெடுத்தான். நான் கையமர்த்தினேன். பலகையில் எழுதுவதும் அழிப்பதுமாக இருந்தவள் சட்டென்று நின்றாள்.

"அப்பா, மழைத் தண்ணியில ஏது ரப்பர்? அதே மூணுதான்."

தேவன் பிள்ளைகளின் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். அவன் அம்மா தோட்டத்தில் பால்மரம் வெட்டி ரப்பர் பால் சேர்த்தவர். மழை நாளில் தண்ணீர் கலந்த பாலைச் சுமந்துபோய், நிறுக்கிற இடத்தில் திட்டு வாங்கி வந்தவர்.

"எங்கம்மா தூக்குன வாளி நவமணி. எனக்குத் தோணல பாரு," என்றான்.

தினேஸ்வரி என்னிடம் வந்தாள். "மூணு சரியா டீச்சர்?"

நான் பதில் சொல்லுமுன் தேவன் எழுந்தான். "சொல்லாத நவமணி. வீடு போற வரைக்கும் யோசிக்கட்டும்."