இழுவை

கரும்பு டிராக்டரைத் தாண்ட முடியவில்லை. எதிரே சாலை காலியாகத்தான் இருந்தது. பூங்கோதை கியரைக் குறைத்து, ஆக்ஸிலேட்டரைத் தரையோடு மிதித்தாள். வண்டி முனகியதே தவிர வேகம் எடுக்கவில்லை. டிராக்டருக்குப் பக்கத்தில் பாதி தூரம் ஊர்ந்தபோது வளைவில் பஸ் ஒன்று முளைத்தது. பிரேக்கை மிதித்துப் பின்வாங்கி, மறுபடி கரும்புக்குப் பின்னால் அவள் ஒண்டிக்கொண்ட அடுத்த நொடி, ஹாரனை அலறவிட்டபடி பஸ் கடந்து போனது. பட்டுப்புடவைக்குள் முதுகு நனைந்துவிட்டது.

கூட வேலை பார்க்கும் ஜெயஸ்ரீ டீச்சரின் மகளுக்கு சேத்தியாத்தோப்பில் கல்யாணம். கணவர் குருமூர்த்தி பஸ்ஸில் போகத்தான் சொன்னார். அவள்தான் கேட்கவில்லை.

நாற்பத்து நாலு வயதில் கார் ஓட்டக் கற்றுக்கொண்டு, தன் சம்பளத்தில் வாங்கிய பழைய வண்டி இது. போன வருஷம்வரை நன்றாகத்தான் ஓடியது. பிறகு இழுவை குறைந்தது. பீங்கான் ஃபேக்டரியில் சூப்பர்வைசராக இருக்கும் குருமூர்த்தி, முகம் சுளிக்காமல் லீவு நாளில் வண்டியைத் தன் சிநேகிதர் திருமாலின் பட்டறைக்கு எடுத்துப் போவார். திரும்பி வந்து மெதுவாகச் சொல்வார்: “இன்ஜினு தேஞ்சு போச்சாம் கோதை. நீ கிளட்ச்ச மிதிச்சுக்கிட்டே ஓட்டுறியாம். பரவால்ல வுடு, பழகிக்கலாம்.”

அவர் திட்டியிருந்தால் சண்டை போட்டிருப்பாள். திட்டாததால் தன் இடது காலையே சந்தேகப்பட்டாள். விடியற்காலையில் ஜங்ஷன் பக்கம் காலியாகக் கிடக்கும் ரோட்டில் கிளட்ச்சிலிருந்து காலை எடுத்து எடுத்துப் பழகினாள். வண்டி மாறவில்லை. திட்டக்குடியைத் தாண்டி ஒரு பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியர் பதவி வந்தபோது, பஸ் மாறி மாறிப் போக வேண்டிய அந்த ஊருக்கு இந்த வண்டியை நம்ப முடியாது என்று அவளே முடிவு செய்து, வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தாள். அன்று சாயங்காலம் குருமூர்த்தி வெங்காய பஜ்ஜி வாங்கி வந்தார். இவ்வளவு ஆறுதலாக ஒரு மனுஷன் இருப்பாரா என்று நினைத்துக்கொண்டாள்.

இன்று அந்த பஸ் கடந்து போன பிறகு, சாலையோரம் தெரிந்த முதல் பட்டறையில் வண்டியை நிறுத்தினாள். கொளஞ்சிநாதன் என்று போர்டு. கொளஞ்சிநாதனே வந்து பானெட்டைத் திறந்தார். ஏர் ஃபில்டரைக் கழற்றி வெளிச்சத்தில் பார்த்தார். பிளக்குகளைப் பார்த்தார். புகைக்குழாய் வாயில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார்.

“இன்ஜினு நல்லா இருக்குதுங்களேம்மா. ஏறி ஒக்காந்து மிதிங்க.”

மிதித்தாள்.

“முழுசா மிதிங்க.”

“முழுசாத்தாங்க மிதிச்சிருக்கேன்.”

அவர் சுற்றி வந்து, குனிந்து அவள் பாதத்தைப் பார்த்தார். தரையில் முட்டிக்கொண்டிருந்தது. மறுபடி பானெட்டுப் பக்கம் போனார். ஆக்ஸிலேட்டர் கேபிளை விரலால் இழுத்துப் பார்த்தார்.

“இங்க வந்து பாருங்க. நீங்க அங்க முழுசா மிதிச்சா இங்க இன்ஜினுக்குக் காத்து போற வாய் பாதிதான் தொறக்குது. கேபிள லூசாக்கி, நட்டப் போட்டு இறுக்கியிருக்காங்க.”

“தானா லூசாயிருக்குமா?”

“தானா ஆனா நட்டு இறுக்கமா இருக்காதுங்க.”

அவர் சரிசெய்துகொண்டிருக்கும்போது, புளியமர நிழலில் நின்று திருமாலுக்குப் போன் போட்டாள். முதலில் மழுப்பினார். பிறகு, “சார்தான் சொன்னாருங்க டீச்சர். ஒங்க நல்லதுக்குன்னுதான…” என்றார்.

வண்டியைக் கிளப்பி லேசாகத்தான் அழுத்தினாள். துள்ளிக்கொண்டு பாய்ந்தது. பயந்து காலை எடுத்தாள். ஒரு மைல் போன பிறகுதான் அழுகை வந்தது. கல்யாண மண்டபம் இருந்த பக்கம் போகாமல் ஊருக்கே திருப்பினாள்.

குருமூர்த்தி டிவி பார்த்துக்கொண்டிருந்தார். “அதுக்குள்ள வந்துட்ட?” என்றார்.

“கேபிள சரி பண்ணிட்டேன்.”

ரிமோட்டைத் தேடி சத்தத்தைக் குறைத்தார். திரையையே பார்த்தபடி சொன்னார்: “லாரிக்காரன் ஓட்டுற ஓட்டு ஒனக்குத் தெரியாது. நீ வூடு வந்து சேர்ற வரைக்கும் எனக்கு உசுரு இருக்காது கோதை.”

“அத சொல்லியிருக்கலாமே. நான் ஓட்டத் தெரியாம இன்ஜின கெடுத்துட்டேன்னு ஏன் சொன்னீங்க?”

அவர் ரிமோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“திட்டக்குடி ஆர்டர வேணாம்னு எழுதுறப்ப பக்கத்துலதான ஒக்காந்திருந்தீங்க?”

“நீயாத்தான எழுதுன.”

அவள் டிவிக்கு முன்னால் வந்து நின்றாள்.

“இன்னைக்கு பஸ்ஸுல அடிபட்டு செத்திருப்பேங்க. வண்டி இழுக்காததால.”

அவர் முகம் வெளுத்தது. எழுந்து ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். கடைசியில் வந்தது, “சாப்ட்டியா?” என்பதுதான்.

பூங்கோதை வெளியே வந்து வண்டியில் ஏறினாள். எங்கே போவது என்று தெரியவில்லை. அவர் பின்னாலேயே ஓடிவந்து, லுங்கியை மடித்துக் கட்டியபடி வண்டிக்கு முன்னால் நின்றார். “எங்க போற? எறங்கு. சொல்றேன்ல, எறங்கு.”

இன்ஜின் சத்தம் தெருவை நிறைத்தது. கிளட்ச்சிலிருந்து காலை எடுத்தாள். வண்டி ஒரே எட்டில் முன்னால் வந்தது. அவர் பக்கத்து வீட்டுக் காம்பவுண்டுச் சுவரோரம் தாவி ஒதுங்கினார்.

தெருமுனையில் திரும்புமுன் கண்ணாடியில் பார்த்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் செருப்போடு நின்றிருந்தார். இன்னொரு செருப்பு நடுத்தெருவில், டயர் தடத்துக்குப் பக்கத்தில், குப்புறக் கிடந்தது.