ஏழு துருப்புள்ளிகள்

என் நாத்தனார் கணவர் டிங்கர் பட்டறை வைத்திருக்கிறார். நசுங்கிய கதவை நிமிர்த்துவதில் கெட்டிக்காரர்தான், மறுக்கவில்லை. ஆனால் யார் வீட்டுக்குப் போனாலும், உள்ளே வருவதற்கு முன்பே வாசலில் நிற்கும் வண்டியைப் பார்த்து உதட்டைப் பிதுக்குவார். அன்று பிதுக்கியது என் காரைப் பார்த்து.

“பாடி போச்சும்மா. துரு உள்ள இறங்கிடுச்சு. இப்பவே என்கிட்ட தள்ளிவிட்டா ஏதோ நாலு காசு தேறும்.”

“அவரு அனுபவஸ்தர், சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்றார் என் வீட்டுக்காரர்.

“அண்ணா, மொத்தமே ஏழு புள்ளி. பொட்டு அளவுகூட இல்ல.”

“பல்லு விஷயம் பேசு, கேட்டுக்கறேன். தகரத்தைப் பத்தி உனக்கு என்னம்மா தெரியும்?”

எனக்குச் சுருக்கென்றது. பதினோரு வருடமாகப் பல் டாக்டருக்கு உதவியாளராக இருக்கிறேன். போன மாதம்தான் கிளினிக்கை ஊரின் மறுகோடிக்கு மாற்றினார்கள். எட்டு மணிக்குத் திறக்க வேண்டும். முதல் பஸ் அங்கே போய்ச் சேர எட்டரை ஆகிவிடும். கார் போனால் என் வேலையும் போகும். அது இரண்டு பேருக்கும் தெரியும். தெரிந்தே பேசினார்கள், அதுதான் பற்றிக்கொண்டு வந்தது.

“அடுத்த ஞாயித்துக்கிழமை வாங்கண்ணா. ஒரே ஒரு துருப்புள்ளியைக் காட்டிட்டீங்கன்னா வண்டியை நீங்களே எடுத்துக்குங்க. காட்ட முடியலைன்னா இந்த வீட்டுல கார் பேச்சே எடுக்கக் கூடாது.”

வாய்க்கொழுப்பு என்று வீட்டுக்காரர் முணுமுணுத்தார். 

திங்கட்கிழமை சாயங்காலம் உப்புத்தாள், சின்ன டப்பா பிரைமர், கார் நிறத்தில் ஒரு குப்பி பெயிண்ட் வாங்கி வந்தேன். இரண்டு பேர் ஓட்டலில் சாப்பிடும் செலவுகூட இல்லை. காரைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். பழுப்பு தெரிந்த இடத்தை மட்டும் தேய்த்தேன். மேலே பிரைமர், அதற்கு மேலே பெயிண்ட். ஒரு மணி நேரத்தில் வேலை முடிந்தது. இதற்கா இவ்வளவு பீற்றிக்கொள்கிறார் என்று சிரித்துக்கொண்டே தூங்கப் போனேன்.

புதன்கிழமை காலையில் பார்த்தால் நாலு இடத்தில் கொப்புளம். நகத்தால் கீறினேன், பெயிண்ட் தோலாக உரிந்து வந்தது. அடியில் ஈரம், ஓரமெல்லாம் துரு. சக்கரத்துக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்து அழுதேன்.

அழுது முடித்ததும் என் மேலேயே கோபம் வந்தது. தினமும் எத்தனை பேரிடம் கத்துகிறேன்: “ஆ காட்டுங்க, நாக்கை அசைக்காதீங்க, ஈரம் பட்டா சிமெண்ட் நிக்காது.” சொத்தையை மேலாகச் சுரண்டி அடைத்தால் உள்ளே அரித்துக்கொண்டே போகும் என்று தெரியாதா எனக்கு? நல்ல பல் தெரியும்வரை போக வேண்டும், அதற்கு மேலும் கொஞ்சம். தகரம் மட்டும் என்ன வேறு சாதியா?

அன்று மாலை மறுபடி ஆரம்பித்தேன். ஏழு இடத்திலும் பளிச்சென்று இரும்பு தெரியும்வரை தேய்த்தேன், சுற்றிலும் ஒரு விரல் அகலம் கூடுதலாக. ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் துடைத்தேன். தலைமுடி காய வைக்கும் டிரையருக்குச் சன்னல் வழியாக நீள வயர் இழுத்து, ஒவ்வொரு புள்ளியையும் சூடாகும்வரை உலர்த்தினேன். “காருக்கு எண்ணெய்க் குளியலா?” என்று வீட்டுக்காரர் கிண்டல் செய்தார். பேசாமல் போங்க என்றேன். மெல்லிசாகப் பிரைமர். வியாழனும் வெள்ளியும் பெயிண்ட், பல்குத்தும் குச்சியில் பஞ்சைச் சுற்றி, ஒன்று நன்றாகக் காய்ந்த பிறகே அடுத்தது. சனி முழுக்க அதைத் தொடவே இல்லை. ஞாயிறு காலையில் பற்பசையை ஈரத்துணியில் தொட்டு மெதுவாகத் தேய்த்தேன், ஓரம் மறைந்துபோனது.

பத்து மணிக்கு அண்ணன் வந்தார், மூக்குக்கண்ணாடி, டார்ச், காந்தம் சகிதம். ஓட்டையைப் பட்டி என்கிற பசை பூசி அடைத்திருந்தால் காந்தம் ஒட்டாதாம். எல்லா இடத்திலும் டக்கென்று ஒட்டியது. வெள்ளைச் சட்டையோடு தரையில் படுத்து அடியில் பார்த்தார். 

“இதோ” என்றார், கதவின் கீழ் விளிம்பைக் காட்டி.

குனிந்து விரலால் துடைத்தேன். “அது சேறுண்ணா.”

வீட்டுக்காரர் பக்கென்று சிரித்துவிட்டார். அண்ணன் எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டார். இன்னொரு தடவை சுற்றி வந்தார். கடைசியில் என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

“எந்தப் பட்டறையில கொடுத்தே? உண்மையைச் சொல்லு.”

“இதே வாசல்லதான். இந்தக் கைதான்.”

அவர் குனிந்து பெயிண்ட் பூசிய இடத்தை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமினார். “என் வேன்ல கூட கதவுக்கு அடியில ரெண்டு புள்ளி இருக்கு. பசங்க சரியா பண்ண மாட்டேங்கறானுங்க.”

“வியாழக்கிழமை அஞ்சு மணிக்கு இடம் இருக்குண்ணா. லேட்டா வந்தா அடுத்த வாரம்தான்.”

மறுநாள் ஏழே முக்காலுக்கு கிளினிக் கதவை நான்தான் திறந்தேன்.